கஞ்சிக் கொப்பரையும் ஐந்து மூப்பர்களும்

1955ஆம் வருஷம் போடிநாயக்கனூரில் பிரஸ்பிட்டீரியன் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் மூப்பர்கள். மூப்பர் என்றால் சபையை நடத்துகிறவர். நடத்தப்படுவதற்கு ஒரு ஆள்கூட மிச்சமில்லை என்பது அவர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் தென்னாட்டுச் சபைகள் பலவும் ஒன்றாகச் சேர்ந்தபோது அந்தப் பெயரே பலகையிலிருந்து போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐவரும் ஒன்றுபட்ட சபையின் கோயிலுக்குப் போய் எல்லாரையும்போலப் பாடிவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும் தலைவர் ஞானாபரணம் வீட்டு முன்னறையில் கூடி, இரண்டு மணி நேரம் பிரஸ்பிட்டீரியன்களாக இருந்துவிட்டுக் கலைந்தார்கள்.

ஞானாபரணம் ரிட்டயர்டு சப்-ரிஜிஸ்திரார். முத்திரை குத்தாத எதுவும் உலகத்தில் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்வதில்லை. செயலாளர் வேதமாணிக்கம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட எதிரே ஐம்பது பையன்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துத்தான் பேசுவார். இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திங்கட்கிழமை, போடியில் பிரஸ்பிட்டீரியன் சபைச் சரித்திரப் பாரம்பரியக் காட்சிசாலை ஒன்று திறப்பதென்று தீர்மானித்தார்கள். மற்ற மூன்று பேரும் ஆமோதித்தார்கள். காலியாகக் கிடந்த ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியைப் பிடித்து வெள்ளையடித்துப் பலகையும் மாட்டினார்கள்.

பாரம்பரியம் வேண்டிய மட்டும் இருந்தது. பொருள்தான் இல்லை. தலைவருடைய தாத்தாவின் குடை ஒன்று, பாதிக் கட்டைகள் விழுந்துபோன ஆர்மோனியம் ஒன்று, யார் முகமும் தெரியாத போட்டோ ஒன்று. இதை வைத்துக்கொண்டு கிட்டங்கியின் ஒரு மூலையைக்கூட நிரப்ப முடியவில்லை. ஆகவே ஒரு ஜீப்பைப் பிடித்து, போடிமெட்டுக்கு மேலே மக்ரே துரையின் பழைய எஸ்டேட்டுக்குப் போனார்கள். துரை ஸ்காட்லாந்துக்காரர், அவரும் ஒரு மூப்பர். தோட்டத்துக்குள்ளேயே தகரக் கூரை போட்டு ஒரு சின்ன ஜெபவீடு கட்டி வைத்திருந்தார். சுதந்திரம் வந்த மறு வருஷம் தோட்டத்தைப் போடி மண்டிக்காரர் ஜக்கையனிடம் விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

"பழசு எதுன்னாலும் அள்ளிட்டுப் போங்க சாமி, எடம் காலியாகும்" என்று ஜக்கையன் சொல்லிவிட்டார். அவர்களும் அள்ளினார்கள். ஜெபவீட்டு வாசலில் ஒரு பெரிய செம்புக் கொப்பரை கவிழ்ந்து கிடந்தது. வாசலில் இருக்கிறதென்றால் ஜெபவீட்டுச் சாமான்தான் என்று அதையும் ஏற்றிக்கொண்டார்கள்.

அது தோட்டத்துக் கஞ்சிக் கொப்பரை. கஞ்சி காய்ச்சுகிற மொக்கச்சாமி அதைக் கழுவி, மலை முழுக்கத் தேடினாலும் சமதளமான கல் அங்கே ஒன்றுதான் என்பதால் ஜெபவீட்டு வாசலில் கவிழ்த்துவிட்டு, விறகுக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது கல்லில் ஈர வட்டம் மட்டும் இருந்தது.

மொக்கச்சாமிக்குச் சொந்த ஊர் சிலமலை. பதினெட்டு வருஷமாக மலையில் கஞ்சி காய்ச்சுகிறான். ஐப்பசி மழையில் ஏலச்செடியின் தூருக்குள் குனிந்து, அட்டைக் கடியோடு காய் பறிக்கிறவர்கள் அவனோடு சேர்த்து நூற்று நாற்பத்தாறு பேர்; அவர்களுக்கு மத்தியானம் சூடாக வயிற்றுக்குள் போவது அந்தக் கஞ்சி ஒன்றுதான். கொப்பரை போனபிறகு நாலு சின்னப் பானைகளில் மாற்றி மாற்றிக் காய்ச்சினான். நாலாவது பானை வெந்து கடைசிச் சரிவுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். ஏழு மாதக் கர்ப்பிணியான கருப்பம்மாளுக்கு அந்தக் கடைசிச் சரிவில்தான் வேலை. ஒருநாள் அவள் வந்தபோது பானையில் ஒன்றுமில்லை. அவள் பானையை அலசிய தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட மொக்கச்சாமி தாங்கியிருப்பான். இது அவனைப் பிடுங்கித் தின்றது.

"அந்தக் கொப்பரை இல்லாம நீ மலையேறாத" என்றாள் அவன் பெண்டாட்டி அன்னக்கொடி. "வெறுங்கையோட வந்தேன்னா, ஒன்னையத்தான் அடுப்புல ஏத்துவேன்."

கொப்பரை போடியில் ஒரு கிட்டங்கிக்குப் போனதை ஜீப்காரர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, மொக்கச்சாமி ஏலக்காய் லோடு ஜீப்பில் மூட்டைமேல் உட்கார்ந்து போடிக்கு இறங்கினான்.

கிட்டங்கிக்குள் நுழைந்தவனுக்கு முதலில் கொப்பரையை அடையாளம் தெரியவில்லை. பதினெட்டு வருஷக் கரியைப் புளியும் சாம்பலும் போட்டு மூன்று நாள் தேய்த்து எடுத்துவிட்டார்கள். சிவப்பு வெல்வெட்டு விரித்த மேடைமேல் அது கல்யாணப் பெண்ணாட்டம் உட்கார்ந்திருந்தது. விலாவில் இருந்த நசுங்கலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான்.

"அய்யா, இது எங்க கொப்பரைங்க. எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான்.

வேதமாணிக்கம் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். "கொப்பரை என்று சொல்லாதே. இது ஞானஸ்நானத் தொட்டி."

"அப்படின்னா?"

"சபையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதில் எடுத்த தண்ணீரால்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்."

மூப்பர்களில் கம்பவுண்டர் தேவவரம் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு மட்டும் அவ்வப்போது சந்தேகம் வரும். "ஒரு விஷயம். நாம் தலையில் தெளிக்கிற சபை. முக்கி எடுக்கிற சபை அல்ல. கைப்பிடித் தண்ணீர் தெளிக்க இத்தனை பெரிய பாத்திரம் எதற்கு?" என்றார்.

வேதமாணிக்கம் கொப்பரைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பிறகு, "கூட்டம் அவ்வளவு பெரிது" என்றார். தேவவரம் திருப்தியடைந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நடவடிக்கைக் குறிப்பில் 'மலைச்சரிவில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றமை பாத்திரத்தின் கொள்ளளவினால் நிரூபணமாயிற்று' என்று எழுதினார்கள்.

"அய்யா, அந்த நசுங்கலு..." என்று மொக்கச்சாமி ஆரம்பித்தான்.

"தெரியும். விசுவாசிகள்மேல் எதிரிகள் கல்லெறிந்த காலத்தில் பட்ட காயம். அட்டை எழுதி ஒட்டியாகிவிட்டது."

"இல்லீங்கய்யா, ஆனை. பலாப்பழத்துக்கு வந்த ஆனை உருட்டி விட்டுருச்சு. நான் மச்சுமேல ஏறி ஒக்காந்துக்கிட்டுப் பாத்தேன்."

"ஆனைக்குச் சாட்சி உண்டா?" என்று கேட்டார் சப்-ரிஜிஸ்திரார்.

ஆனையைச் சாட்சிக்கு அழைத்துவர வழியில்லை. கொப்பரை திரும்ப வேண்டுமானால் மூப்பர் சங்கத்துக்கு மனுப் போடச் சொன்னார்கள். மொக்கச்சாமிக்குத் தெரிந்த மூப்பன், தோட்டத்துக்கு மேலே காட்டுக்குடியில் இருக்கிற முதுவான் தலைவன்தான். எப்பேர்ப்பட்ட வழக்கையும் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் தீர்த்துவிடுவான். மூப்பர் ஐந்து பேர் என்றதும், ஐந்து வெற்றிலை நேரத்தில் சோலி முடிந்துவிடும் என்று மொக்கச்சாமி நம்பினான். நல்ல மனுஷன்.

மனுவை மண்டி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வந்தான். ஐவரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்து மனுவைப் படித்தார்கள். தள்ளுபடி என்றார்கள்.

"அப்பீல் உண்டு. மேற்சபைக்குப் போகலாம்" என்றார் வேதமாணிக்கம்.

"அது எங்கிட்டுங்கய்யா இருக்கு?"

"இங்கேயேதான்."

ஐவரும் எழுந்தார்கள். நாற்காலிகளை மேற்கே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். தாங்கள் இப்போது கொடுத்த தீர்ப்பை முதன்முதலாகப் பார்க்கிறவர்களைப் போல வாங்கிப் படித்தார்கள். கீழ்ச்சங்கம் தீர விசாரித்திருக்கிறது என்று பாராட்டி, தள்ளுபடி செய்தார்கள். அதற்கும் மேலே மகாசபை ஒன்று உண்டு. அதற்கு நாற்காலி வடக்கே திரும்ப வேண்டும். திருப்பினார்கள். முழங்கால் வலிக்காரரான தேவவரம் மட்டும் நாற்காலியைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பினார். அது செல்லாது என்று அவரையும் எழுப்பித் திருப்பிய பிறகுதான் தள்ளுபடி செய்தார்கள்.

தெற்கு ஒன்று பாக்கி இருக்கிறதே என்று மொக்கச்சாமி காத்திருந்தான். தெற்கே சுவர்.

"அது கஞ்சிப் பாத்திரம் என்பதற்கு உன்னிடம் ஏதாவது அத்தாட்சி இருந்தால் கொண்டு வா" என்று தலைவர் கடைசியாகச் சொன்னார்.

"இருக்குங்கய்யா." மொக்கச்சாமி இடுப்புக் கயிற்றிலிருந்து ஒரு ஈய வில்லையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தான். புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் நம்பர், மறுபக்கம் தீப்பிடித்த ஒரு செடி. "அடுப்பு வில்லைம்போம். இதக் காட்டுனாத்தான் அந்தக் கொப்பரையில ஊத்துவோம். தோட்டத்துல எல்லார்ட்டயும் இருக்கு."

வேதமாணிக்கம் வில்லையை எடுத்தார். திருப்பினார். "திருவிருந்து வில்லை!" என்று கூவிவிட்டார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து ஸ்காட்லாந்துச் சபையில் அப்பமும் திராட்சை ரசமும் பங்கிடுகிற திருவிருந்துக்கு முன்னால் மூப்பர்கள் வீடு வீடாகப் போய், ஒழுங்காக நடக்கிறவர்களுக்கு மட்டும் இப்படி ஒரு ஈய வில்லை கொடுப்பார்கள். வில்லை உள்ளவனுக்கு மேஜையில் இடம். இல்லாதவனுக்கு இல்லை. தீப்பிடித்த செடி சபையின் சின்னம்.

"அப்பனே, இதைக் காட்டினால் என்ன கிடைக்கும் என்று உனக்குத் தெரியுமா?" என்று வேதமாணிக்கம் கண் கலங்கக் கேட்டார்.

"தெரியும்யா. ரெண்டு அகப்பைக் கஞ்சி. துவையல் இருந்தாத் துவையலு."

"மனுவில் எழுதியிருக்கிற நூற்று நாற்பத்தாறு பேரிடமும் இது இருக்கிறதா?"

"இருக்குய்யா. தொர அப்பாரு ஊருக் கோயில்ல சும்மா மூட்டையில கெடந்துச்சாம். இங்க கொண்டாந்து கஞ்சிக்குக் குடுத்துட்டாரு. தகரத்துல அடிச்சா துரு ஏறுதுன்னு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் சொல்ல முடியாது. ஆனால் ஐவரும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை. காணாமற்போன மந்தை கிடைத்துவிட்டது. கஞ்சிப் பாத்திரம் என்று நிரூபிக்கக் கொண்டுவந்த அத்தாட்சியை வாங்கி, அது கஞ்சிப் பாத்திரம் இல்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மொக்கச்சாமி வந்ததற்கு, கையிலிருந்த வில்லையும் போனதுதான் மிச்சம். படியிறங்கும்போது அவனுக்கு அழுகை வந்தது.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்து நோட்டீஸ் அடித்தார்கள். கொடைக்கானலில் தங்கியிருந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர், வயதானவர், திறந்து வைப்பதாக ஒப்புக்கொண்டார். நோட்டீஸின் அடியில் வேதமாணிக்கம் ஒரு வரி சேர்த்தார்: 'ஈய வில்லை கைவசமுள்ள பாரம்பரியத்தார் விழாவுக்கு வந்து, வில்லையைச் சமர்ப்பித்து, மேஜையில் பங்குபெறலாம்.' பத்து இருபது பேர் வெள்ளை உடுத்தி வருவார்கள், டீயும் பிஸ்கோத்தும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

நோட்டீஸ் ஜீப்பில் ஏறி மலைக்குப் போனது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பேச்சிமுத்து அதை ஆட்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் நின்று உரக்கப் படித்தார். கேட்டவர்களுக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை.

"கொப்பரை போடிக்குப் போயிருச்சுல்ல? அதான் கஞ்சியும் போடியில ஊத்துறாக" என்றார் கிழவர் அமாவாசை.

"அம்புட்டுத் தூரமா போறது?"

"வில்லை இருந்தா ஊத்தணும். அது தொர காலத்துச் சட்டம். தட்டு எடுத்துக்க, வெரசாக் கெளம்பு."

விழா அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பறிப்பு கிடையாது. பந்தலுக்கு முன்னால் நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேடையில் வெல்வெட்டோடு தூக்கி வைத்த கொப்பரைக்குப் பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டு ஜக்கையனும் உட்கார்ந்திருந்தார், பொருள் கொடுத்த புண்ணியவான் என்ற முறையில். மொக்கச்சாமியும் அன்னக்கொடியும் பந்தல் காலோரம் நின்றார்கள்.

தலைவர் பேசினார். "கடந்த எட்டு ஆண்டுகளாக நம் சபையில் ஒரு சண்டை இல்லை. ஒரு புகார் இல்லை. ஒருவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க நேரவில்லை. ஒழுக்கத்தில் இவ்வளவு உயர்ந்த சபையை இந்த மாவட்டத்தில் யாராலும் காட்ட முடியாது."

செயலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். "உயிரோடிருக்கிற சபையைக் கட்டிக் காப்பது மகா சிரமம், பெரியோர்களே. அது பசிக்கிறது என்னும். கேள்வி கேட்கும். சரித்திரத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. துடைத்துப் பூட்டி வைத்தால் போதும். எரிந்தும் கருகாத செடி நம் சின்னம். கருகாத எதுவோ அதுவே நம்முடையது!"

கைதட்டல் எழுந்தது. கைதட்டலோடு தகரத் தட்டுச் சத்தமும் சேர்ந்து கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் வில்லையும் ஒரு கையில் தட்டுமாக, மலைத்தோட்டம் மொத்தமும் தெருமுனை வரைக்கும் வரிசையில் நின்றது. விடியற்காலையில் போடிமெட்டு வளைவுகளில் நடந்தே இறங்கியிருந்தார்கள். கால்களில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருந்தது. வரிசையின் கடைசியில் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கருப்பம்மாள் நின்றாள். அதிகம் நடக்கக் கூடாது என்று முந்தின வாரமே வைத்தியச்சி சொல்லியும் கேட்காமல் நடந்து வந்திருந்தாள்.

ஞானாபரணம் பதறி எழுந்தார். "பாத்திரம் ஏந்தி வருகிறவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை! போங்கள்!"

வெள்ளைக்காரப் பாதிரியார் மேடையை விட்டு இறங்கி வந்தார். முதல் ஆளான அமாவாசையின் கையிலிருந்த வில்லையை வாங்கிப் பார்த்தார். அடுத்தவர் வில்லையைப் பார்த்தார். அதற்கடுத்தவருடையதையும் பார்த்தார். அறுபது வருஷ ஊழியத்தில் இத்தனை வில்லைகளை அவர் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

"மூப்பர்களே," என்றார் பாதிரியார் தம்முடைய புத்தகத் தமிழில், "வில்லை கொண்டு வந்தவரை மேஜையினின்று திருப்பி அனுப்புவதற்கு மூப்பருக்கு அதிகாரம் உண்டோ?"

வேதமாணிக்கத்துக்குச் சட்டம் மனப்பாடம். "இல்லை."

"அப்படியானால் போஜனம் கொடுங்கள்."

இருந்ததோ நாற்பது டம்ளர் டீயும் இரண்டு டின் பிஸ்கோத்தும். பாதிரியார் ஜக்கையனைப் பார்த்தார். மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கிறவன் ஊர் முன்னால் இல்லை என்று சொல்ல முடியுமா? மண்டியிலிருந்து அரிசி மூட்டை வந்தது. ஆனால் இத்தனை பேருக்குப் பொங்குகிற பாத்திரத்துக்கு எங்கே போவது என்று கேள்வி வந்தது. மூப்பர்கள் நாலா பக்கமும் பார்த்தார்கள், கண்ணுக்கு நேரே இருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

அன்னக்கொடி புருஷன் விலாவில் இடித்தாள். "இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

மொக்கச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினான். ஒருபக்க வளையத்தை அவன் பிடிக்க, மறுபக்கத்தைப் பேச்சிமுத்து பிடித்தார். வெல்வெட்டிலிருந்து கொப்பரையை இறக்கினார்கள். வாசலில் 'ஜெபவீட்டு அஸ்திவாரக் கற்கள்' என்று அட்டை வைத்திருந்த மூன்று கற்கள் அளவெடுத்தாற்போல அடுப்புக்குப் பொருந்தின. வேதமாணிக்கம் "சரித்திரம்! சரித்திரம்!" என்று கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா, பொறி தெறிக்கும்" என்றான் மொக்கச்சாமி.

அன்றைக்கு நூற்று நாற்பத்தைந்து பேர் வில்லையைக் கொடுத்துவிட்டுக் கஞ்சி குடித்தார்கள். வில்லை இல்லாத ஆள் மொக்கச்சாமி ஒருத்தன்தான். அவன்தான் ஊற்றினான். வெள்ளைக்காரப் பாதிரியார் வரிசையிலேயே நின்று ஒரு தட்டு வாங்கிக் குடித்தார். இரண்டாம் முறையும் வந்தார். இதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் இல்லை.

மறுநாள் அவசரக் கூட்டம். கொப்பரையின் அடிப்பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. அவசரத்துக்குப் புளி போட்டுப் பார்த்தார்கள், போகவில்லை; மறுபடி மூன்று நாள் தேய்க்க யாருக்கும் தெம்பில்லை. ஐவரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, எரிந்தும் கருகாததே நம்முடையது, இது கருகிவிட்டது, ஆகையால் இது நம்முடையது அல்ல என்று தீர்ப்பெழுதினார்கள். மேற்கே திரும்பி உறுதி செய்தார்கள். வடக்கே திரும்பி முத்திரை குத்தினார்கள். 'மேற்படி பாத்திரம் எந்த உபயோகத்துக்கும் லாயக்கற்றது' என்று ஐந்து கையெழுத்தோடு ஒரு தாளை மொக்கச்சாமியிடம் கொடுத்து, அன்றைக்கே அப்புறப்படுத்தும்படி கண்டிப்பாகச் சொன்னார்கள். வில்லைகளைக் கேட்டான். அவை காட்சிப்பொருள், தர முடியாது என்றார்கள். அப்பீல் உண்டு என்று வேதமாணிக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மொக்கச்சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான்.

ஜீப்பில் உட்கார இடமில்லை. கொப்பரைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு மலையேறினான்.

அதற்கு மறுநாள் மழை விடாமல் பெய்தது. ஈர விறகு பற்ற மறுத்தது. மொக்கச்சாமி மடியிலிருந்து அந்த ஐந்து கையெழுத்துத் தாளை எடுத்துப் பற்றவைத்து அடுப்புக்குள் செருகினான். கனத்த தாள், நன்றாக எரிந்தது. மத்தியானம் தட்டோடு ஆட்கள் வந்ததும் பேச்சிமுத்து வழக்கம்போல, "வில்லையக் காட்டு, வில்லையக் காட்டு" என்றார்.

"வில்லை போடியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு" என்றான் மொக்கச்சாமி. "வேணும்னா நீங்க போயி வாங்கிட்டு வாங்கண்ணே. நாக்காலியத் திருப்பிக்கிட்டே இருப்பாக, வேடிக்கை பாக்கலாம்."

பேச்சிமுத்து அதற்கப்புறம் யாரையும் கேட்கவில்லை. கடைசிச் சரிவிலிருந்து கருப்பம்மாள் வந்து சேர்ந்தபோது கொப்பரையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. எந்த உபயோகத்துக்கும் லாயக்கற்ற அந்தப் பாத்திரத்திலிருந்து மொக்கச்சாமி அவளுக்கு மூன்று அகப்பை ஊற்றினான்.